வரைபடம் ஏன் சதுரம் சதுரமாக வருகிறது?

ஊர்விட்டு ஊர் போகும்போது செல்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வது இப்போது பலருக்கும் பழக்கம். சிக்னல் நன்றாக இருக்கும்வரை வித்தியாசமாக ஒன்றும் தெரியாது. சிக்னல் குறைந்த இடத்தில்தான் குட்டு வெளிப்படும். விரலால் தள்ளிய பக்கம் வெறும் சாம்பல் நிறமாகக் கிடக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு சதுரம் வரும், அதன் பக்கத்தில் இன்னொன்று வரும். சில நேரம் நடுவில் ஒன்று மட்டும் வராமல் அடம்பிடிக்கும். இரண்டு விரலை விரித்துப் பெரிதாக்கினால் சாலைகள் முதலில் மங்கலாக ஊதிப் பெருத்து நிற்கும். ஓரிரு நொடியில் சட்டென்று கூர்மையாகிவிடும்.

இதைப் பார்ப்பவருக்கு இரண்டு சந்தேகங்கள் எழலாம். ஒரு புகைப்படம் அனுப்பவே திணறுகிற இணைப்பில் உலகம் முழுவதன் வரைபடம் எப்படி வந்து சேர்கிறது? அது வரும்போது ஏன் சதுரம் சதுரமாக வருகிறது? இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவதற்கும் தெரிந்துவிடும்.

ஒரே படமாக இருந்தால்

தெருவின் வளைவுகூடத் தெரிகிற அளவுக்கு உலகம் முழுவதையும் ஒரே படமாக வரைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். திரையில் தெரியும் எந்தப் படமும் பொடிப்பொடியான நிறப்புள்ளிகளால் ஆனது. பிக்சல் எனப்படும் இதை இங்கே படப்புள்ளி என்போம். நிலநடுக்கோட்டில் ஒரு படப்புள்ளி தரையின் 60 சென்டிமீட்டரைக் குறிக்கும்படி வரைந்தால், படத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் 6 கோடியே 71 லட்சம் புள்ளிகள் இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 45 கோடிக் கோடி. இதைச் செல்பேசிக்கு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை.

அனுப்பவேண்டிய தேவையும் இல்லை. பார்ப்பவருக்கு வேண்டியது திரை கொள்ளும் அளவு மட்டுமே. அந்தத் துண்டை யார் வெட்டுவது, எப்போது வெட்டுவது என்பதுதான் சிக்கல். 1996இல் இணையத்துக்கு வந்த மேப்குவெஸ்ட் போன்ற தளங்களில், கேட்டபோது வெட்டினார்கள். வரைபடத்தின் ஓரத்தில் அம்புக்குறிகள் இருக்கும். கிழக்கே பார்க்க வேண்டுமானால் வலப்பக்க அம்பை அழுத்த வேண்டும். எங்கோ ஒரு சேவையகம் புதிதாக ஒரு படம் வரைந்து அனுப்பும். பக்கம் முழுவதும் மறுபடி திறக்கும். இதில் காத்திருப்பு மட்டும் பிரச்சினை இல்லை. பத்துப் பேர் ஒரே ஊரைப் பார்த்தாலும் ஒவ்வொருவரின் திரையும் நூலளவு தள்ளித்தான் நிற்கும். ஆகவே ஒருவருக்கு வரைந்த படம் இன்னொருவருக்கு உதவாது. சேவையகம் ஒரே ஊரைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்கும்.

முன்கூட்டியே வெட்டி வைத்தல்

இதற்கு மாற்று, யார் கேட்டாலும் அதே துண்டுகளைக் கொடுப்பது. உலகத்தை எல்லோருக்கும் பொதுவான சதுரங்களாக முன்பே வெட்டி அடுக்கிவிட வேண்டும். கணினிக்காரர்கள் இந்தச் சதுரத்தை டைல் என்பார்கள். இந்த அத்தியாயத்தில் அதைச் சில்லு என்று அழைப்போம்.

யோசனை ஒரே நாளில் பிறந்ததல்ல. ஜிம் கிரே முன்னின்று உருவாக்கிய மைக்ரோசாஃப்ட்டின் டெராசர்வர் 1998இலேயே வான்படங்களைச் சில்லுகளாக வெட்டி இணையத்தில் வைத்திருந்தது. ஆனால் விரல் நுனியில் வழுக்கிக்கொண்டு போகும் வரைபடம் என்ற அனுபவத்தைப் பொதுமக்களுக்குப் பழக்கியது 2005 பிப்ரவரியில் வெளியான கூகுள் மேப்ஸ். அதன் வேர் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருக்கிறது. லார்ஸ், யென்ஸ் என்ற ராஸ்முசன் சகோதரர்கள், நோயல் கார்டன், ஸ்டீஃபன் மா ஆகிய நால்வர் அங்கே ஒரு சிறு நிறுவனம் நடத்தினார்கள். அவர்கள் முதலில் எழுதியது கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மென்பொருள். 2004இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. மென்பொருள் உலாவிக்குள் குடியேறியது.

வெட்டும் முறை எளிது. பூஜ்ய நிலையில் உலகம் முழுவதும் ஒரே சில்லு; பக்கத்துக்கு 256 படப்புள்ளிகள். இதில் ஒரு புள்ளி நிலநடுக்கோட்டில் 156 கிலோமீட்டர். கண்டங்கள் தெரியும், ஊர்கள் தெரியாது. அடுத்த நிலையில் சில்லை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாதியாக்கி, கிடைக்கும் நான்கு பகுதிகளையும் தனித்தனியே 256 புள்ளிப் படமாக, கூடுதல் விவரத்தோடு புதிதாக வரைய வேண்டும். அதற்கடுத்த நிலையில் 16, பிறகு 64. பத்தாம் நிலையில் 10 லட்சத்து 48 ஆயிரத்துச் சொச்சம். பதினெட்டாம் நிலையில் ஏறத்தாழ 6,872 கோடி.

மேலே ஒன்று, கீழே போகப் போக நான்கு மடங்கு என்பதால் இந்த அமைப்பைச் சில்லுப் பிரமிடு எனலாம். இத்தனை நிலைகளையும் சேமித்தால் இடம் தாங்குமா என்று தோன்றும். தாங்கும். அடித்தளத்துக்கு மேலுள்ள எல்லா நிலைகளையும் கூட்டினாலும் அடித்தளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. அடித்தளத்திலும் பெரும்பகுதி கடல். ஒரு நீலச் சில்லுக்கும் இன்னொரு நீலச் சில்லுக்கும் வித்தியாசம் இல்லையே. பெரும்பாலான சேவையகங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டி வரைவதும் இல்லை. ஒரு சில்லை யாராவது முதல்முறை கேட்கும்போது வரைந்து, அடுத்தவருக்காக எடுத்து வைத்துக்கொள்ளும். சகாராவின் நடுவே யாருமே எட்டிப் பார்க்காத சில்லுகள் வரையப்படாமலே இருந்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் முகவரி

6,872 கோடிச் சில்லுகளில் வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? தேடவே வேண்டாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. தஞ்சைப் பெரிய கோயிலை வைத்துப் பார்ப்போம். அது நிற்பது வடக்கே 10.78 பாகை, கிழக்கே 79.13 பாகை.

உலகச் சில்லை நான்காக்குகிறோம். நடுவே குறுக்காக ஓடுவது நிலநடுக்கோடு, நெடுக்காக ஓடுவது கிரீன்விச் கோடு. தஞ்சை வலப்பக்கம் மேலே விழுகிறது. அந்தக் கால்பகுதியில் ஐரோப்பா, ஆசியா இரண்டின் பெரும்பகுதியும் இருக்கின்றன. அதை மறுபடி நான்காக்கினால் இப்போது இடப்பக்கம் கீழே. அடுத்து வலப்பக்கம் கீழே. பாரசீக வளைகுடாவிலிருந்து வங்கம்வரை அதற்குள் அடங்கும். மீண்டும் வலப்பக்கம் கீழே. இப்போது மும்பை உள்ளே, கொல்கத்தா வெளியே. ஐந்தாவது முறையும் வலப்பக்கம் கீழே. இந்த ஐந்தாம் நிலைச் சில்லில் தஞ்சை, நாகப்பட்டினம், இராமேசுவரம், இலங்கைத் தீவு முழுவதும், அதற்கப்பால் வங்கக் கடலும் இருக்கின்றன. மதுரை இல்லை. திருச்சியும் இல்லை! இந்தச் சில்லின் இடப்பக்க விளிம்பு 78.75 பாகையில் ஓடுகிறது. திருச்சி அதற்கு அரை அடி தள்ளி நின்றதுபோல 78.70இல் பக்கத்துச் சில்லுக்குப் போய்விட்டது. இது பின்னால் ஒரு தலைவலியாக வரும்.

ஒவ்வொரு திருப்பத்தையும் ஓர் எண்ணால் குறிக்கலாம். மேலே இடம் 0, மேலே வலம் 1, கீழே இடம் 2, கீழே வலம் 3. நாம் வந்த வழி 1, 2, 3, 3, 3. இன்னும் ஐந்து படி இறங்கினால் பெரிய கோயிலின் பத்தாம் நிலை முகவரி 1233300003. மைக்ரோசாஃப்ட்டின் பிங் மேப்ஸ் இப்படித்தான் சில்லுகளுக்குப் பெயர் வைக்கிறது. தஞ்சாவூரின் அஞ்சல் குறியீடு 613001 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் 6 தென்மண்டலம், 613 வரை வந்தால் தஞ்சைப் பகுதி, ஆறு எண்ணும் சேர்ந்தால் ஒரு தபால் நிலையம். வலக்கோடியில் இருந்து எண்களை உதிர்த்தால் பகுதி விரியும். சில்லு முகவரியும் அதே குணம் கொண்டது. கடைசி எண்ணை எடுத்துவிட்டால் தாய்ச் சில்லு கிடைத்துவிடும். இப்படி இடத்தை நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போகும் உத்தியை 1974இல் ரஃபேல் ஃபிங்கலும் ஜான் பென்ட்லியும் கணினி அறிவியலுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் மனத்தில் செல்பேசி இருந்திருக்க வழியில்லை.

கூகுள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் முதலியவை வேறு வகையில் எழுதுகின்றன. நிலை, இடமிருந்து எத்தனையாவது, மேலிருந்து எத்தனையாவது என்று மூன்று எண்கள். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். பெரிய கோயிலின் பதினாறாம் நிலைச் சில்லு 16, 47173, 30793. அந்தச் சில்லு தரையில் பக்கத்துக்கு 600 மீட்டர். கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர் நீளும் கோயிலின் மதில், அதில் ஏறத்தாழ நூறு படப்புள்ளி நீளத்துக்கு நடுவாக்கில் அமர்ந்திருக்கும். பதினேழாம் நிலைக்கு இறங்கினால் வெட்டுக்கோடு கோயிலுக்குள்ளேயே ஓடி, அதைக் கிழக்குச் சில்லாகவும் மேற்குச் சில்லாகவும் பிரித்துவிடும். திரையில் இரண்டும் ஒட்டி நிற்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது முதல் சந்தேகத்துக்கு வரலாம். பார்க்கும் இடமும் நிலையும் தெரிந்தால் எந்தெந்த எண்ணுள்ள சில்லுகள் வேண்டும் என்பதைச் செல்பேசியே கணக்குப் போட்டுவிடும். சராசரிச் செல்பேசித் திரை மூன்று சில்லு அகலம், ஐந்து சில்லு உயரத்துக்கு மேல் கேட்காது. உலகம் முழுவதையும் பார்த்தாலும் ஒரு சந்தைப் பார்த்தாலும் அதிகபட்சம் பதினைந்தே சில்லுகள். கீழே பிரமிடு எவ்வளவு பெருத்தாலும் பார்ப்பவருக்குச் செலவு ஏறுவதில்லை.

விரலும் வரைபடமும்

தள்ளுவதும் பெரிதாக்குவதும் இதற்கு மேல் கட்டிய வேலை. இரண்டுக்கும் ஒரே விதிதான்: விரல் பிடித்த இடம் விரலைவிட்டு நழுவக் கூடாது.

தள்ளும்போது இது சுலபம். விரல் பத்துப் புள்ளி நகர்ந்தால் எல்லாச் சில்லுகளும் பத்துப் புள்ளி நகர வேண்டும். ஓரத்தில் வெற்றிடம் தெரியத் தொடங்கினால் அங்கே வரவேண்டிய சில்லின் எண்ணைக் கண்டுபிடிப்பது ஒன்றாம் வகுப்புக் கணக்கு. 47173க்குக் கிழக்கே 47174. திரையைவிட்டு வெளியேறிய சில்லுகளை உடனே தூக்கி எறியாமல் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். வந்த வழியே திரும்பிப் போனால் வரைபடம் சட்டென்று வருவது இதனால்தான். விரலை எடுத்த பிறகும் படம் சற்று வழுக்கிச் சென்று நிற்பது திட்டமிட்ட ஏமாற்று. கை விட்ட வேகத்தைக் கணக்கிட்டு, படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். அது இல்லாவிட்டால் வரைபடம் மரத்துப்போனதுபோல் தோன்றும்.

பெரிதாக்கும்போதுதான் கைவரிசை தேவை. இரண்டு விரலுக்கும் நடுவிலுள்ள புள்ளி அசையாமல் நிற்க, மற்ற எல்லாப் புள்ளிகளும் அதிலிருந்து விலகிப் போக வேண்டும். ஒரு நிலை முழுதாக இறங்கும்போது ஒவ்வொன்றின் தூரமும் இரட்டிப்பாகும். புதுச் சில்லுகள் வந்து சேர நேரமாகும். அதுவரை திரையை வெறுமையாக விடாமல், கையிலிருக்கும் தாய்ச் சில்லையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். மங்கலாக ஊதிப் பெருத்துத் தெரிந்தது அதுதான். நான்கு குழந்தைச் சில்லுகளும் வந்ததும் தாயின் மேல் படிந்து மறைத்துவிடும்.

நீங்கள் குத்தி வைத்த ஊசிக்குறி மட்டும் பெரிதாகாமல் அதே அளவில் நிற்பதைக் கவனித்திருக்கலாம். அது சில்லில் வரைந்ததல்ல. சில்லுகளுக்கு மேலே தனியாக ஓர் அடுக்கில் மிதக்கிறது.

திருச்சியின் தலைவலி

ஐந்தாம் நிலையில் திருச்சி அண்டைச் சில்லுக்குப் போனதே, அங்கே சில்லின் விளிம்பிலிருந்து அது எவ்வளவு தூரம் தெரியுமா? ஒரே ஒரு படப்புள்ளி. ஊர்ப்புள்ளி ஒரு சில்லில். அதன் வலப்பக்கம் எழுதும் 'திருச்சிராப்பள்ளி' என்ற பெயர் முழுவதும் அடுத்த சில்லில். பெயரைப் புள்ளிக்கு மேலே எழுதினாலோ அது நட்ட நடுவே வெட்டுப்படும். இரண்டு சில்லுகளும் தனித்தனியே, வேறு வேறு நேரத்தில் வரையப்படக்கூடியவை. ஒன்றை வரையும் கணினி பெயரை மேலே வைக்கலாம் என்றும், இன்னொன்று இடமில்லை என்றும் முடிவெடுத்தால் பாதிப் பெயர்தான் திரையில் நிற்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சேவையகங்கள் இதற்குக் கண்ட வழி, சில்லுகளை ஒவ்வொன்றாக வரையாமல் எட்டுக்கு எட்டாக 64 சில்லுகளின் பரப்பை ஒரே படமாக வரைந்து பிறகு வெட்டுவது. அப்படியும் பெரும்பரப்பின் விளிம்பில் சிக்கல் மிஞ்சும். அதற்காகச் சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக வரைந்து, ஓரத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் சில்லின் உள்ளடக்கமே மாறிவிட்டது. வரைந்த படத்துக்குப் பதிலாக, இந்தச் சாலை இந்தப் புள்ளியிலிருந்து இந்தப் புள்ளிவரை, இந்த ஊரின் பெயர் இது என்ற விவரங்களை மட்டும் சில்லுக்குள் வைத்து அனுப்புகிறார்கள். வரையும் வேலை செல்பேசியுடையது. கூகுள் 2010 டிசம்பரில் ஆண்ட்ராய்டு செல்பேசிகளுக்கு இதைக் கொண்டுவந்தது. இதற்கு வெக்டர் சில்லு என்று பெயர். வரைபடத்தைத் திருப்பினாலும் ஊர்ப்பெயர் தலைகீழாகாமல் நிற்பதும், இரவில் மறுபடி எதையும் இறக்காமலே கறுப்பு நிறத்துக்கு மாறுவதும் இதன் கொடை.

தமிழருக்கோ இதில் ஒரு பாதகம் வந்து சேர்ந்தது. படச்சில்லு காலத்தில் தமிழ் எழுத்தைக் கோத்து வரையும் பொறுப்பு சேவையகத்துடையது. அதற்கான தேர்ந்த மென்பொருள் அங்கே இருந்தது. வெக்டர் சில்லில் உலாவிக்குள் வரையும் திறந்தமூல நிரல்கள் சில, ஒவ்வொரு எழுத்துக்குறியையும் தனித்தனியே வாங்கி வரிசையாக ஒட்டின. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'சே' என்பதில் இரட்டைக் கொம்பு சகரத்துக்கு முன்னால் நின்றாலும் கணினி அதைப் பின்னால்தான் சேமிக்கிறது. விளைவு, சேலமும் கோவையும் கொம்பு இடம்மாறிக் குழம்பி நின்றன. வங்காளம், இந்தி, கெமர், பர்மியம் என்று பல எழுத்துகளுக்கும் இதே கதி. உலகத்துக்கெல்லாம் பொதுவான கருவி என்று சொல்லிக்கொண்டு ஒரு பகுதி உலகின் எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியதை என்னால் சிறு பிழையாக எண்ண முடியவில்லை.

1569இன் வரைபடம்

உருண்டையான பூமியைச் சதுரமாக்கியது எப்படி என்று கேட்காமல் விட முடியாது. இந்தச் சில்லுகளின் அடியில் இருப்பது ஜெரார்டஸ் மெர்கேட்டர் 1569இல் மாலுமிகளுக்காக வகுத்த முறை. துருவத்தை நோக்கிப் போகப் போக எல்லாமே ஊதிப் பெருக்கும். ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போல் சுமார் 14 மடங்கு பெரிது. இந்த வரைபடத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாகத் தெரியும். துருவத்தைக் காட்ட வேண்டுமானால் படம் முடிவில்லாமல் உயர வேண்டும். அதனால் உயரமும் அகலமும் சமமாகும் 85.05 பாகையில் வெட்டிவிட்டார்கள். வட துருவம் இந்தப் பிரமிடிலேயே கிடையாது.

இத்தனை குறையுள்ளதை ஏன் வைத்துக்கொண்டார்கள்? இம்முறையில் எந்தச் சின்ன இடத்தைப் பார்த்தாலும் அதன் வடிவம் கெடாது. செங்கோணம் செங்கோணமாகவே இருக்கும். கூகுள் மேப்ஸ் முதலில் வெளியானபோது வேறொரு முறையைப் பயன்படுத்தியது. ஸ்டாக்ஹோம் போன்ற வடக்கு நகரங்களில் நேராகச் சந்திக்கும் தெருக்கள் படத்தில் சாய்ந்து சந்தித்தன. தெருவைத் தேடி வருபவருக்குக் கிரீன்லாந்தின் பரப்பைவிடத் தெருமுனை முக்கியம். உலக உருவத்தைக் காண விரும்புவோருக்காக 2018இல் கூகுள், கணினித் திரையில் முழுக்கச் சுருக்கினால் உருண்டையாகக் காட்டத் தொடங்கியது.

நிலப்பட முறைகளுக்கு எண் வழங்கும் அமைப்பு தொடக்கத்தில் சில்லுகளுக்கான இந்த மெர்கேட்டர் வகையை முறையானதாக ஏற்க மறுத்தது. நிரலாளர்கள் காத்திருக்கவில்லை. 900913 என்ற எண்ணைத் தாங்களே சூட்டிப் புழங்கவிட்டார்கள். அந்த எண்களை ஆங்கில எழுத்துகளாக உற்றுப் பாருங்கள், கூகுள் என்று படிக்கும்.

நீங்களே செய்து பார்க்க

இவ்வளவையும் நீங்கள் நிரலாக எழுத வேண்டியதில்லை. உக்ரைனைச் சேர்ந்த வொலோதிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்ட லீஃப்லெட் என்ற இலவச நிரல்தொகுப்பு, தள்ளுதல், பெரிதாக்குதல், சில்லு எண் கணக்கு எல்லாவற்றையும் 40 கிலோபைட் சொச்சத்துக்குள் அடக்கியிருக்கிறது. உங்கள் வலைப்பக்கத்தில் ஒரு பெட்டி வேண்டும். மையம் எது, எந்த நிலை, சில்லுகள் எந்த முகவரியில் கிடைக்கும் என்று மூன்றையும் சொன்னால் வரைபடம் எழுந்துவிடும்.

புதியவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். பெட்டிக்கு உயரம் கொடுக்க மறந்தால் எல்லாம் சரியாக இருந்தும் திரையில் ஒன்றும் தெரியாது. இன்னொன்று, எண்களின் வரிசை. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். இடவிவரங்களைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பு தீர்க்கரேகையை முதலில் வைக்கும். மாற்றிக் கொடுத்தால் பெரிய கோயில் ஆர்க்டிக்கில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் வடமேற்குக் கரையோரம் போய் நிற்கும். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது தற்செயல்.

சில்லுகளுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்துவதானால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. வரைபடத்தின் ஓரத்தில் அதன் பங்களிப்பாளர்களின் பெயர் தெரிய வேண்டும், மறைக்கக் கூடாது. அதன் சேவையகம் நன்கொடையில் ஓடுவது. ஊர் முழுவதன் சில்லுகளையும் மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ள அங்கே அனுமதியில்லை. உங்கள் தளத்துக்குக் கூட்டம் பெருகினால் கட்டணச் சேவைக்கு மாறுங்கள், அல்லது சொந்தமாகச் சில்லு வெட்டிக்கொள்ளுங்கள்.